தொட்டி எலுமிச்சை: வேரைப் பற்றிய ஒரு விசாரணை

நிலத்தில் எலுமிச்சை நடுகிறவருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் கணக்கு, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 75 சென்டிமீட்டர் உள்ள குழியும், மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் இடைவெளியும் ஆகும். அவ்வளவு இடத்தைத் தன் உரிமையாகக் கேட்கும் ஒரு விருக்ஷத்தை ஒன்றரை அடி வாயகலமுள்ள தொட்டியில் அடக்கி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் நிறுத்தி, அதனிடம் பூவும் காயும் எதிர்பார்ப்பது நியாயந்தானா என்ற கேள்வி, வீட்டுக்குப் பின்னால் கொல்லை என்று ஒன்று இல்லாமற்போன இந்நாளில் பலருக்கும் எழுகிறது. நாற்றுப்பண்ணைக்காரர் 'ஆகும்' என்று சொல்லி, காயோடு கூடிய கன்றையே கையில் கொடுத்துவிடுகிறார். இரண்டு வருஷம் சென்றபின், இலை வெளுத்துக் குச்சியாக நிற்கும் செடியைப் பார்த்து, வாங்கியவர் 'ஆகாது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் பார்த்தது மண்ணுக்கு மேலே தெரியும் பாகத்தை மட்டுமே. தொட்டியில் வாழும் எலுமிச்சை ஜாதி மரங்களின் சுகதுக்கம் முழுவதும் வேரில் இருக்கிறது என்பதும், சரித்திரம், ஒட்டு, ஜலம், உரம், பூ என்று எந்த வழியாகப் புறப்பட்டாலும் ஆராய்ச்சி வேரிடமே வந்து சேருகிறது என்பதுமே என் அபிப்பிராயம்.

தொட்டியில் இவற்றை வளர்ப்பது நம் காலத்தவர் கண்டுபிடித்த விநோதமன்று. ரோமாபுரியில் 1646-ஆம் ஆண்டில் ஃபெர்ராரி என்ற ஏசுசபைப் பாதிரியார் எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகைகளைப் பற்றி 'ஹெஸ்பெரிடிஸ்' என்ற பெரிய சித்திர நூலை வெளியிட்டபோது, இத்தாலியப் பிரபுக்களின் தோட்டங்களில் அவ்வகைகளைச் சுட்ட மண்தொட்டிகளில் வைத்துப் போற்றுவது ஊறிப்போன வழக்கமாக இருந்தது. ஃப்ளாரன்ஸ் நகரத்துக்கு அருகே காஸ்தெல்லோ என்னுமிடத்தில் மெடிசி வமிசத்தார் ஏற்படுத்திய தோட்டத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான மரங்கள் தொட்டியிலேயே நிற்கின்றன. குளிர்காலம் வந்தால் அவற்றை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்கென்றே நீண்ட மண்டபங்கள் இருக்கின்றன. பிரான்ஸ் தேசத்தில் பதினான்காம் லூயி மன்னருக்காக வெர்சேல்ஸில் 1684 முதல் 1686 வரை ஆர்துவான் மான்சார் என்ற கட்டடச் சிற்பி கட்டிய ஆரஞ்சு மண்டபமும் அப்படிப்பட்டதே. அங்கே மரப்பெட்டிகளில் வாழும் ஆரஞ்சு மரங்களில் சில 200 ஆண்டுகளைக் கடந்தவை. அரண்மனையின் ஆடம்பரத்தைவிட அந்தப் பெட்டியின் அமைப்பே நாம் கவனிக்கத்தக்கது. அதன் பக்கங்கள் கழற்றி மாட்டத்தக்கவை. மரத்தை அசைக்காமலே பலகையைத் திறந்து, பழைய மண்ணைச் சுரண்டி, சுருண்ட வேரை நறுக்கி, புதுமண் இட்டு மூடிவிடலாம். மன்னரின் தோட்டக்காரர்களுக்கு மரம் எங்கே உயிர்வாழ்கிறது என்பது தெரிந்திருந்தது.

ஆனால் ஐரோப்பியர் எழுதிய நூல்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் நமக்கு ஓர் அபாயம் உண்டு. அவர்களுடைய சத்துரு குளிர். வெர்சேல்ஸில் மே மாத நடுவில் மரங்களை வெளியே கொண்டுவந்து, அக்டோபர் நடுவில் உள்ளே சேர்க்கிறார்கள். ஆகவே அந்நூல்களில் பாதி, குளிரிலிருந்து காப்பதையே பேசுகிறது. மற்றப் பாதி, கிடைக்கும் வெயிலில் ஒரு கதிரையும் விடாமல் செடிக்குச் சேர்ப்பதைப் பேசுகிறது. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ மொட்டைமாடியில் செடி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு பாடங்களும் வேண்டியதில்லை. நம்முடைய சத்துருக்கள் கொதிக்கும் தளமும் உப்பு ஜலமும். அயல்நாட்டு நூலைப் படித்து, மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்துச் சித்திரை மாதத்தில் செடியைப் பறிகொடுத்தவர்கள் அநேகர்.

இனி 'குட்டை மரம்' என்று விற்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் நிலவும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. ஏனென்றால் குட்டைத்தன்மை மூன்று வெவ்வேறு காரணங்களால் ஏற்படுகிறது, மூன்றுக்கும் சந்தையில் ஒரே பெயர்தான்.

முதலாவது, ஸ்வபாவத்திலேயே குறுகி வளரும் ஜாதிகள். 1846-ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன கும்குவாட் அத்தகையது. அதற்கும் கமலா ஆரஞ்சு வகைக்கும் பிறந்த கலமண்டின் என்ற சிறு ஆரஞ்சும் அத்தகையது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் லீமாவ் கஸ்தூரி என்று வாங்கிச் சமையலில் பிழிந்துகொள்வது இந்தக் கலமண்டினைத்தான். இரண்டாவது, வேர்ச்செடியினால் வரும் குட்டைத்தன்மை. ஒட்டுக்கட்டும்போது கீழே வேராக அமையும் செடி மெதுவாக வளரும் வகையாயிருந்தால், மேலே கட்டப்பட்டது எந்த ஜாதியானாலும் அதன் உருவம் சுருங்குகிறது. ஜப்பானியர் அழகுக்காகப் போற்றிவந்த, வளைந்த முள்ளும் நெளிந்த கிளையும் கொண்ட மூவிலை ஆரஞ்சு வகை ஒன்று, 'பறக்கும் நாகம்' என்ற பொருள்படும் பெயரோடு அமெரிக்கா சென்று, இன்று உலகத்தில் குட்டை வேர்ச்செடி என்றாலே நினைவுக்கு வரும் அளவுக்குப் பிரசித்தியடைந்திருக்கிறது. அதன்மேல் கட்டிய மரம் சாதாரண உயரத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆஸ்திரேலியர்கள் இன்னும் விசித்திரமான மார்க்கம் ஒன்றைக் கண்டார்கள். வைரஸைவிடச் சிறியதான வைராய்டு என்னும் நோய்க்கூறுகளில் மரத்தைக் கொல்லாமல் குறுக்கி மட்டும் வைக்கும் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வேண்டுமென்றே மொட்டுவழி புகுத்திக் குட்டைத் தோப்புகளை உண்டாக்கினார்கள். வியாதியையே வேலைக்காரனாக்கிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தை மெச்சலாம், வீட்டில் அனுசரிக்கத்தக்கதன்று.

மூன்றாவது, வேறொன்றுமில்லை, தொட்டியே. வேர் ஓட இடமில்லாதபோது கிளையும் ஓடாது. நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் குட்டை என்று விற்கப்படும் எலுமிச்சையிலும் நாரத்தையிலும் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை என்று தயங்காமல் சொல்லலாம். காய்க்கும் மரத்தின் முற்றிய கிளையில் பட்டையைச் சுற்றிச் சீவி, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர்விட்டதும் வெட்டி எடுக்கும் விண்பதியக் கன்று, கிளையின் வயதைத் தன்னோடு கொண்டுவருகிறது. ஆகையால் முழங்கால் உயரத்திலேயே காய்க்கிறது. விதைக்கன்றுக்கோ பால்யம் கழிய நான்கைந்து வருஷம் ஆகிறது. எலுமிச்சை விதையில் தாயின் திசுவிலிருந்தே தோன்றும் கருக்கள் பல இருப்பதால், விதைக்கன்றும் பெரும்பாலும் தாயைப் போலவே காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கொடிய முள்ளோடும் உயரும் வேகத்தோடும் அத்தனை வருஷம் அதைத் தொட்டியில் வைத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் இராது. பதியக்கன்று காய்ப்பதைக் கண்டு 'இது குட்டை ஜாதி' என்று நம்புகிறவர், அதே கன்றைத் தரையில் நட்டால் அது 4 மீட்டர் போகும் என்பதை அறியாதவர். தொட்டிதான் அதைக் குறுக்குகிறது என்று தெரிந்தால், அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற விசாரம் தானே பிறக்கும்.

ஒட்டுச்செடி வாங்கினவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர்ச்செடி மேற்செடியை அமுக்கிவிட்டுத் தானே மரமாகும். ஒட்டிய இடத்தில் பிறக்கும் மொட்டு எப்போதாவது இரண்டு உடலும் கலந்ததாக அமைவதும் உண்டு. 1644-இல் ஃப்ளாரன்ஸ் தோட்டமொன்றில் அப்படித் தோன்றிய மரம், ஒரே பழத்தில் ஒரு பகுதி நாரத்தையாகவும் ஒரு பகுதி கிச்சிலியாகவும் காய்த்தது. 'பித்ஸாரியா' என்று பெயர்பெற்ற அதை 1674-இல் பியெத்ரோ நாத்தி வர்ணித்து எழுதினார். பிற்காலத்தில் அழிந்துவிட்டதாக எண்ணப்பட்டு, 1980-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட அது, இன்று ஃப்ளாரன்ஸில் தொட்டியில் வளர்கிறது.

எந்த ஜாதியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் பழமைவாதி. எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் அஸ்ஸாம், வட பர்மா, யூனான் ஆகிய இமயமலைச் சாரற் பிரதேசம் என்று மரபணு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் நிலைநாட்டினார்கள். அதில் நம் நாட்டு எலுமிச்சையின் பெற்றோர், நாரத்தையினத்து மரமொன்றும், பிலிப்பைன்ஸ் தீவுகளின் உஷ்ணத்தில் வளரும் காட்டு எலுமிச்சையொன்றும் ஆகும். அதனால் குளிரின் தூண்டுதல் இல்லாமலே வருஷத்தில் பலமுறை பூக்கும் இயல்பு அதற்கு வாய்த்திருக்கிறது. சமவெளியில் வாழ்பவர் பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 போன்ற எலுமிச்சையையோ, முள் குறைந்த விதையில்லா எலுமிச்சையையோ, கலமண்டினையோ வைத்துக்கொள்வது உசிதம். கமலா ஆரஞ்சு மலைவாசி. சிறுமலைக்கும் கீழ்ப்பழனிக்கும் உரியதை மாம்பலத்தில் வைத்து வருந்துவதில் பயனில்லை. சாத்துக்குடி தொட்டியில் வளரும், பூக்கும், ஆனால் பழம் முற்ற எட்டொன்பது மாதம் செடியின் சக்தியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரிய காய் காய்க்கும் பம்பளிமாஸ் தொட்டிக்கு ஏற்றதே அன்று.

தொட்டியைப் பொறுத்தவரை, பிஞ்சுக்கன்றை எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் நடுவது பலரும் செய்வது. வேர் எட்டாத மண்ணில் ஜலம் தேங்கிப் புளித்துப்போவதால், 10 அங்குலத்தில் தொடங்கி, வேர் நிரம்பிய பிறகு 14, பிறகு 18 என்று கிரமமாக மாற்றுவதே முறை. 18 அங்குலத் தொட்டி நனைந்த நிலையில் 80 கிலோவுக்குக் குறையாது. ஆகவே மாடியில் உத்தரமோ சுவரோ தாங்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். வேர்மண்ணின் உஷ்ணம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதுவேர் விடுவது தளர்ந்துவிடுகிறது. கோடையில் மேற்கு வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி அந்த எல்லையை எளிதில் கடக்கும். மண்தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விப்பதால், பானை ஜலத்தைக் குடித்து வளர்ந்த நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. செங்கல்மேல் தூக்கி வைத்துத் தளத்தின் சூட்டைத் தவிர்ப்பது, வெளிப்புறத்தில் வெள்ளை வர்ணம் பூசுவது, சிறு தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் வைத்து இடைவெளியைச் சருகால் நிரப்புவது, பிற்பகலில் மட்டும் நிழல்வலை கட்டுவது ஆகிய உபாயங்கள் எல்லாம் வேருக்குக் குடை பிடிப்பவையே.

மண் கலவையில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் என்ற பழைய சேர்க்கை போதுமானது. தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பவர்கள் உப்புப் போகப் பலமுறை அலசியபின் சேர்க்க வேண்டும். வடிகாலுக்காகத் தொட்டியடியில் இரண்டங்குலம் சரளைக்கல் பரப்பும் சம்பிரதாயம் ஒன்று எங்கும் பரவியிருக்கிறது. அது உபகாரம் செய்வதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்குள் ஜலம் லேசில் இறங்குவதில்லை. மண் முற்றும் ஊறிய பிறகே இறங்கும். ஆகையால் ஈரம் தேங்கும் அடுக்கு, தொட்டியின் அடியில் நிற்பதற்குப் பதிலாக வேருக்கு இரண்டங்குலம் அருகில் வந்து நிற்கிறது. துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது மட்டும் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை ஜலம். எலுமிச்சை வேரில் மற்றச் செடிகளுக்கு உள்ளதுபோல் மயிர்வேர்கள் ஏராளமாக இல்லை; உள்ளவையும் குட்டையானவை; மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணத்தோடு கூட்டுறவு வைத்துக்கொண்டே அது ஆகாரம் தேடுகிறது. அதனால் மூச்சுக்காற்று இல்லாத சேற்றையும் அது சகியாது, முற்றும் காய்ந்த மண்ணையும் சகியாது. தினந்தோறும் காலையில் ஒரு செம்பு என்று கடமைக்குத் தெளிப்பது மிகவும் தீங்கானது. மேல்மண் நனைந்து, அடிமண் உலர்ந்து, ஜலத்தில் கரைந்துவந்த உப்பு வெளியேற வழியின்றி வேரைச் சுற்றிப் படிகிறது. விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துவாரம் வழியாக ஜலம் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். ஒழுகியதைத் தட்டில் தேங்கவிடாமல் கொட்டிவிட வேண்டும். நகரங்களின் ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் பெரும்பாலும் கடினமானது; மாதக்கணக்கில் அதையே ஊற்றும்போது மண் காரத்தன்மை அடைந்து, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாமற் போகிறது. அப்போது இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இதைக் கண்ட மாத்திரத்தில் உரம் போதவில்லை என்று மேலும் உரத்தைக் கொட்டுவது, உப்பின்மேல் உப்பைச் சேர்ப்பதாகவே முடியும். மழைஜலத்தைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு ஊற்றி உப்பைக் கழுவுவதும், இரும்பைக் கீலேட் உருவில் கொடுப்பதுமே பரிகாரம். 'பறக்கும் நாக' வேர்ச்செடி இந்தக் காரமண்ணையும் உப்பையும் சற்றும் தாங்காது என்பதால், விலை கொடுத்து வரவழைத்த குட்டை ஒட்டு இங்கே நாட்டுப் பதியனிடம் தோற்றுப்போகிறது. உப்பைச் சகிக்கும் ரங்கபூர் எலுமிச்சை வேரில் கட்டியது எவ்வளவோ மேல். ஐப்பசி கார்த்திகை அடைமழை நமக்குச் செலவில்லாமல் இந்த அலசும் வேலையைச் செய்துகொடுக்கிறது. ஆனால் அடித்துவாரம் அடைபட்டிருந்தால் அதே மழை வேரழுகலாகவும், அடிமரத்தில் பிசின் வடியும் வியாதியாகவும் மாறிவிடும்.

உரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஊறவைத்துத் தெளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ மண்புழு உரமோ, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்தால் போதும். மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தளிர் விட்டபின் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளிக்கச் சொல்லும் தோட்டக்கலையாரின் யோசனை தொட்டிக்கும் பொருந்தும். இலை சிறுத்துப் புள்ளிபுள்ளியாக வெளுப்பது அதனால் நீங்குகிறது.

பூக்கச்செய்யும் வித்தையில் உலகமெங்கும் ஒரே தத்துவம் இருப்பது ஆச்சரியம். வேருக்குச் சிறிது கஷ்டம் கொடுத்துப் பிறகு அதை நீக்கினால் மரம் பூக்கிறது. சிசிலித் தீவில் எலுமிச்சைத் தோப்புகளுக்குக் கோடையில் ஜலம் நிறுத்தி, இலை வாடியதும் பாய்ச்சி, பருவந்தப்பிய பூவை வரவழைத்து, அடுத்த கோடையில் 'வெர்தெல்லி' என்ற பச்சைக்காயை அதிக விலைக்கு விற்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் இதே முறைக்குப் 'பஹார்' என்று பெயர். ஹனோய் நகரத்துத் தூ லியென் பகுதியார், சந்திர வருஷப்பிறப்பான தெத் பண்டிகைக்குச் சரியாகக் கும்குவாட் பழுத்து நிற்கும்படி, வருஷ நடுவிலே மரத்தை வேரோடு கிளப்பி, வேரை நறுக்கி, மறுபடி நடுகிறார்கள். தோப்பில் ஜலம் நிறுத்தினால் மரம் வாட வாரக்கணக்காகும்; தொட்டியிலோ இரண்டு மூன்று நாளே போதும், நாலாம் நாள் செடியே போய்விடக்கூடும். இலை லேசாகச் சுருளும் பக்குவத்தில் நிறுத்தத் தெரியாதவர்கள் இந்தப் பரீக்ஷையில் இறங்காமலிருப்பது நலம். பூத்தவற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று காயாக நின்றாலே போதும்; மற்றவை உதிர்வது இயற்கை. இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம்.

பூச்சிகளில் கண்ணில் முதலில் படுவது, பறவை எச்சம்போல் இலையில் ஒட்டிக்கிடந்து பிறகு பச்சைநிறம் பெறும் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டிப் பயமுறுத்தும் அது, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. சிறு செடியில் கையால் எடுத்துவிட வேண்டும். வளர்ந்த செடியில் சிலவற்றைத் தின்னவிட்டு, வண்ணத்துப்பூச்சியாவதைப் பார்க்கலாமென்பது என் கட்சி. தளிரில் வெள்ளிக் கோடு கிழிக்கும் இலைத்துளைப்பான் அத்தனை ரசிக்கத்தக்கதன்று. அது உண்டாக்கும் புண் வழியாக மழைக்காலத்தில் சொறிநோய் நுழைகிறது. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றைப் பாதுகாக்கின்றன. எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எறும்பு என்றாலே விரோதியென்று கொள்ளவும் முடியாது. தென் சீனத்துத் தோட்டக்காரர்கள் இலைபின்னிக் கூடுகட்டும் முசுறு எறும்புகளை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரங்களில் காவல் வைத்தது, பூச்சியைப் பூச்சியால் அடக்கிய மிகப் பழைய உதாரணம். உண்மையில் அஞ்சத்தக்கது, சிறு சாறுறிஞ்சிப் பூச்சியொன்று பரப்பும் பசுமை நோய். ஃப்ளாரிடாவில் 2005-இல் அது காணப்பட்ட பிறகு அந்த ராஜ்யத்தின் ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் உகந்த இடமாதலால், இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது புத்திசாலித்தனமாகாது. ஒரு கிளை மட்டும் திட்டுத்திட்டாக மஞ்சளித்து, காய் கோணலாகிவந்தால், மருந்து தேடாமல் மரத்தை அகற்றிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தும் மூன்றாம் வருஷத்தில் செடி காரணமின்றித் தளர்ந்தால், தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டிய சமயம் வந்துவிட்டது. மண்ணே தெரியாதபடி வேர் சுவரைச் சுற்றிப் பாய் முடைந்திருக்கும். ஊற்றிய ஜலம் அதன் வெளியோரமாகவே ஓடிப்போயிருக்கும். கோடை தணிந்து மழைக்கு முன்னுள்ள நாட்களில், வேருருண்டையின் பக்கங்களிலும் அடியிலும் ஓரங்குலத்துக்குக் கூரிய கத்தியால் சீவி, வட்டமிட்ட தடித்த வேர்களை அறுத்து, அதே தொட்டியில் புதுமண்ணோடு நடலாம். வேரில் குறைத்த அளவுக்குக் கிளையிலும் கவாத்துச் செய்து, உள்நோக்கிய குச்சிகளையும் நீர்ப்போத்துகளையும் நீக்கி, காய் இருந்தால் அதையும் தயங்காமல் பறித்துவிட வேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். பிறகு இரண்டு வாரம் நிழலில் வைத்து, புதுத்தளிர் இரண்டு விரற்கடை நீளும்வரை உரம் ஒன்றும் இடாமல், ஈரம் மட்டும் காத்துவந்தால் போதும்.